வெளிப்பக்கம் திறக்கும் கதவு

தீப்பாதுகாப்புத் தலைமை ஆய்வாளர் அம்மையார் பணி நிறைவு பெறும் இந்நாளில், தீயணைப்பு நிலையத்தில் உடன் உழைத்தோர் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல்

வாசல்தோறும் வழி கண்ட வல்லவரே! தாழ்ப்பாள் தவறினால் தலைவரையும் தயங்காது தடுத்த தகைமைமிகு தலைமகளே! அரங்கம் கட்டியவர்க்கு அச்சமும் அரங்கில் அமர்ந்தவர்க்கு அடைக்கலமும் ஆனவரே! இருட்டில் நடந்து காட்டியே எங்களுக்கு வெளிச்சம் வழங்கிய எம் இனிய அம்மையே! வணக்கம், வணக்கம், வளமார் வணக்கம்!

முப்பதாண்டுக்கு மேலாக இந்நகரின் திரையரங்குகளிலும் திருமண மண்டபங்களிலும், ஆலைகளிலும் அங்காடிகளிலும், அடுக்குமாடிகளிலும் அடித்தளக் கிடங்குகளிலும் ஓயாது நடந்து, உறங்குவோர் உறக்கத்துக்கும் கூடுவோர் கூட்டத்துக்கும் காவலாய் நின்று, கடமையைக் கண்ணெனவும் கண்டிப்பைக் கருணையெனவும் கொண்டு தாங்கள் ஆற்றிய அரும்பணியை எண்ணி எண்ணி எங்கள் நெஞ்சம் நிமிர்கிறது. நிமிர்ந்த நெஞ்சோடு இம்மடலைத் தங்கள் முன் வைக்கின்றோம்!

இந்த அளவில் எங்களுக்கு மூச்சு வாங்குகிறது, அம்மா. மடல் எழுதும் பொறுப்பைத் தீயணைப்பு வண்டியின் ஓட்டுநரிடம் ஒப்படைத்தோம். இனி நாங்கள் சொல்லப்போகும் நாளில் தங்களோடு இந்த அரங்குக்கு வந்தவர் அவர்தான். அவருக்குத் தெரிந்த செந்தமிழ் இவ்வளவுதானாம். இனி வாயில் வருகிறபடி சொல்கிறோம், பொறுத்தருள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். இப்படிப்பட்ட மடலில் தங்களைப் பார்த்துத் ‘தாங்கள், தாங்கள்’ என்று புகழ்வதுதான் முறை. ஆனால் நேருக்கு நேர் புகழ்ந்தால், நடுவிலேயே கையை உயர்த்தி, “போதும் போதும், அடுத்த வேலையைப் பாருங்க” என்று உட்கார வைத்துவிடுவீர்கள். ஆகவே சிறிது நேரம் தாங்கள் எங்களுக்கு ‘அவர்’. வேறு யாரோ ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறோம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அந்த அம்மாவுக்கு ஊரில் வழங்கும் பெயர் கதவம்மா. கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் மணப்பெண்ணைப் பார்ப்பார்கள், இவர் பின்கதவைப் பார்ப்பார். பந்தியில் உட்காரும் முன் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சோதனைக்குப் போன இடத்தில் ஒரு வாய் காபி குடித்தவர் இல்லை. தண்ணீர்கூடத் தோளில் தொங்கும் பாட்டிலிலிருந்துதான். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எங்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூட இல்லை, அப்படி யாராவது இருந்தால் அவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவராக இருப்பார்.

அவர் சோதனை செய்யும் விதமே தனி. வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்லர். விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொல்வார். அரங்கத்திலேயே மோசமான இருக்கை எதுவோ, மூலையில் தூணுக்குப் பின்னால் இருப்பது எதுவோ, அதில் கட்டடத்தின் சொந்தக்காரரை உட்கார வைப்பார். “இப்ப எழுந்து வெளியே வாங்க சார்” என்பார். அவ்வளவுதான் சோதனை.

பிரதான சாலையில் இருக்கிற, நாம் இப்போது கூடியிருக்கும் இந்தப் பெரிய அரங்கத்துக்கு அவர் முதன்முதலில் வந்தபோது நடந்ததை இங்கே அமர்ந்திருக்கும் அரங்கக்காரரே வாய்விட்டுச் சிரித்தபடி சொல்வார். அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மரக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர் அவர். அரங்கத்தின் ஒவ்வொரு கதவுக்கும் தன் கையால் தட்டிப் பார்த்து மரம் தேர்ந்தெடுத்தவர். விளக்கு அணைந்ததும் மிடுக்காக எழுந்தார். முழங்காலை இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டு, ஒருவழியாகக் கதவைக் கண்டுபிடித்து, தள்ளு தள்ளென்று தள்ளினார். கதவு அசையவில்லை. அது உள்பக்கம் இழுத்துத் திறக்கும் கதவு. தான் வைத்த கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது இருட்டில் அவருக்கே மறந்துபோயிருந்தது.

விளக்கு வந்ததும் அம்மா ஒரே வரியில் சொன்னார், கதவைத் திருப்பி மாட்ட வேண்டும், அதுவரை அரங்கம் திறக்கக் கூடாது என்று. அரங்கக்காரர் கொதித்துப்போனார்.

“என் நிலம், என் மரம், என் கதவு! அது எந்தப் பக்கம் திறக்கணும்னு சொல்ல நீங்க யாரும்மா? சொந்தமா ஒரு தொழில் செய்ய இந்த ஊர்ல சுதந்திரமே கிடையாதா?”

“கதவு உங்களுதுதான் சார். ஓடி வர்ற கால் உங்களுது இல்லையே. நூறு பேர் வந்து முட்டினா இந்தக் கதவை யாரும் உள்ளே இழுக்க முடியாது.”

“அப்ப நாளைக்கு யாருக்கு வாடகைக்கு விடணும்னும் நீங்களே சொல்வீங்க போலிருக்கே?”

“அதை நான் சொல்ல மாட்டேன். வேற யாராவது சொன்னாலும் கேக்காதீங்க.”

இந்தக் கடைசி வார்த்தையை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரங்கக்காரர் முணுமுணுத்துக்கொண்டே தச்சரைக் கூப்பிட்டார். நிலையைப் பெயர்த்து, கீலைக் கழற்றி, அத்தனை கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார். முகூர்த்தக் காலம் முழுக்க அரங்கம் மூடிக் கிடந்தது. கதவம்மா என்ற பெயர் அப்போது அவர் வயிற்றெரிச்சலில் வைத்ததுதான்.

சில ஆண்டுகள் போயின. நகரத் தலைவர் பதவிக்குத் தேர்தல் வந்தது. அப்போது பதவியில் இருந்த தலைவரை எதிர்த்துப் பேச ஊரில் இடமில்லாமல் போயிற்று. மைதானம் நகரசபையுடையது, பழுது பார்க்கிறோம் என்று பூட்டினார்கள். நூலகக் கூடம் நகரசபையுடையது, வெள்ளையடிக்கிறோம் என்று பூட்டினார்கள். எதிர்த்து நின்றவர் ஒரு பல் டாக்டர். கூட்டம் போட வேண்டுமானால் நகரசபைக்குச் சொந்தமில்லாத ஓர் இடம் வேண்டும், அதன் சொந்தக்காரருக்குக் கொஞ்சம் நெஞ்சுரமும் வேண்டும். அப்படி ஊரில் மிச்சமிருந்தது மரக்கடைக்காரரின் இந்த அரங்கம் ஒன்றுதான். அரங்கக்காரர் பல் டாக்டரின் கட்சி கூட இல்லை. “யார் கேட்டாலும் விடுவேன், அது என் தொழில்” என்று சொல்லி விட்டுவிட்டார்.

கூட்டத்தன்று காலையில் அம்மாவின் மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. பேசியது மேலதிகாரி. பக்கத்தில் நின்றிருந்த ஓட்டுநர் காதிலும் அது விழுந்தது.

“அம்மா, அந்த அரங்கத்துல ஏதாவது ஒரு குறை இருக்கும். பார்த்து எழுதிட்டு, இன்னிக்குத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு வந்துடுங்க. தலைவர் எதிர்பார்க்கிறார்.”

“குறை இருந்தா எழுதுறேன் சார்.”

“தேடுனா கிடைக்கும்மா.”

“தேடத்தானே சார் போறேன்.”

போகும் வழியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் குடும்பம் அப்போது நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். சாப்பிட்டு முடித்து, “வீடு மாத்த வேண்டி வரலாம்” என்று மட்டும் கணவரிடம் சொன்னார். தையற்கடை வைத்திருக்கும் அந்த மனிதர், “மாத்திக்கலாம். பெரிய அலமாரி மட்டும் வாசல்ல நுழையாது, அதைக் கழட்டணும்” என்றாராம். இதை எங்களிடம் சொன்னவர் அவரேதான். வீட்டுக்குப் போய் அவரோடு சண்டை போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அரங்கத்துக்குள் நுழையும்போது அம்மாவின் முகத்தில் ஒரு தெம்பு இருந்தது. ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் குறை எதுவும் இருக்க முடியாது, இருந்த குறையையெல்லாம் அவரே துரத்தித் துரத்திச் சரி செய்ய வைத்திருந்தார். வழக்கம்போல விளக்கை அணைத்தார்கள். இந்த முறை மூலை இருக்கையில் தானே உட்கார்ந்தார். எழுந்தார், நடந்தார், தெருப்பக்கக் கதவைத் தள்ளினார்.

கதவு இரண்டு விரல் அளவு நகர்ந்து நின்றது. வெளியே இரும்புச் சத்தம் கேட்டது. கைப்பிடிகளைச் சேர்த்துக் கனமான சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

பூட்டியவர் அரங்கக்காரர்தான். தலைவரின் ஆட்கள் அந்த வழியாகப் புகுந்து நாற்காலிகளை உடைப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட, பயத்தில் பூட்டிவிட்டார். உள்ளே வருகிறவனையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு வெளியே போகிறவன் ஞாபகமே வரவில்லை. சாவி எங்கே என்று கேட்டால், மனைவியின் கைப்பையில். கைப்பை மனைவியிடம். மனைவி, கலவரம் வரும் என்று பயந்து, தொலைவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த இருட்டில் நின்றுகொண்டிருந்தபோது தன் மனசில் என்ன ஓடியது என்று பின்னாளில் ஒருமுறை வண்டியில் போகும்போது ஓட்டுநரிடம் அம்மா சொல்லியிருக்கிறார். எழுதிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியதாம். பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பூட்டு நிஜம், சங்கிலி நிஜம். எழுதினால் மேலதிகாரிக்கு மகிழ்ச்சி, வீடு தங்கும், அலமாரியைக் கழற்ற வேண்டாம். அவருக்கு அரங்கக்காரர் மேல் வந்த கோபத்தில் எழுதுவதுதான் நியாயம் என்றுகூடப் பட்டதாம். அப்போதுதான் முந்தின மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அங்கேயும் கதவை மறைத்து மேசைகளை அடுக்கியிருந்தார்கள். ஜனங்கள் உள்ளே வருவதற்குள் நகர்த்தச் சொல்லி, காத்திருந்து, பார்த்து, சான்று கொடுத்துவிட்டு வந்தார். எல்லா இடத்துக்கும் அவர் கொடுக்கும் அவகாசம் அது. கல்யாணத்துக்குக் கொடுத்ததைக் கூட்டத்துக்குக் கொடுக்காமல் விட்டால், எழுதுவது நிஜமாகவே இருந்தாலும் எழுதிய கை நேர்மையான கையாக இருக்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

விளக்கு வந்தது. அரங்கக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“அம்மா, இந்த ஒரு தடவை பார்க்காத மாதிரி போயிடுங்கம்மா. ஜனம் வந்துட்டே இருக்கு.”

“பார்த்துட்டேனே சார்.”

பல் டாக்டர் ஓடி வந்தார். “மேடம், இது என்ன நேரம் பார்த்துப் பூட்டு, சங்கிலின்னு? அவங்க எங்க வாயை அடைக்கப் பார்க்கறாங்க. நீங்களும் நானும் ஒரே பக்கம்தானே?”

“நான் கதவுப் பக்கம் டாக்டர். இது திறக்கிறவரைக்கும் ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது. திறந்துட்டா ஒருத்தரையும் நான் தடுக்க மாட்டேன்.”

வண்டியில் சங்கிலி வெட்டும் பெரிய கத்தரி இருந்தது. ஓட்டுநர் அதை எடுக்கப் போனார். “வைங்க அதை” என்று அம்மா அதட்டினார். “நம்ம சாமான்ல நாம வெட்டினா, நாளைக்குக் கட்சிக்கு வேலை பார்த்தோம்னு சொல்வாங்க. பூட்டினவரே திறக்கட்டும்.”

ஆகவே, கூட்டத்துக்காக வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்த அரங்கக்காரர், இரும்பறுக்கும் ரம்பம் ஒன்றைத் தேடி எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து அறுக்கத் தொடங்கினார். மரம் அறுத்துப் பழகிய கை இரும்போடு மல்லுக்கு நின்றது. நகரத் தலைவர் பதவிக்கு நிற்கும் பல் டாக்டர் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்று பார்த்த ஜனங்கள், “டாக்டர், மரத்துப்போற ஊசி போடலையா?” என்று கேலி செய்தார்கள். கூட்டம் தொடங்க வேண்டிய நேரம் வந்து போயிற்று. தெரு முழுக்க ஆட்கள். அம்மா குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார், நகரவேயில்லை. சங்கிலி அறுந்து விழுந்ததும் கைதட்டல் எழுந்தது. அவர் அதற்கும் அசையவில்லை. மறுபடி விளக்கை அணைக்கச் சொல்லி, இந்த முறை பல் டாக்டரை மூலையில் உட்கார வைத்து, வெளியே வரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “குறை இருந்தது சார். சரி பண்ணிட்டாங்க. சான்று கொடுத்துட்டேன்.”

அன்று கூட்டம் பாதி நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போயிற்று. தானாகப் போனதா, யாராவது போக வைத்தார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. இருட்டில் எவனோ ஒருவன் தீ, தீ என்று கத்தினான். அடைத்து உட்கார்ந்திருந்த அரங்கம் ஒரே சமயத்தில் எழுந்தது. எழுந்த கூட்டம் கதவை முட்டியது, முட்டிய கதவு தெருவைப் பார்த்துத் திறந்தது. கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தீயும் இல்லை. பல் டாக்டர் மீதிப் பேச்சைத் தெருவில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பேசி முடித்தார். உள்ளே வராமல் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சேர்ந்து கேட்டார்கள்.

பார்க்காத மாதிரி போகச் சொன்ன அரங்கக்காரர் அன்று வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு கேட்பவரிடமெல்லாம் அவர் சொன்னது இது. “அந்தம்மா அன்னிக்கு என் கதவைப் புடுங்கி மாட்ட வைக்கலேன்னா, இன்னிக்கு என் அரங்கத்தையே புடுங்கியிருப்பாங்க. சொல்றதுக்கு ஒரு குறையும் இல்லாததாலதான்யா நான் இஷ்டப்பட்டவங்களுக்கு வாடகைக்கு விட முடிஞ்சுது.”

அதே வாரம் அம்மாவைப் பழைய குழாய்க் கிடங்குக்கு மாற்றினார்கள். குடியிருப்பும் போயிற்று. அலமாரியைக் கழற்றினார்கள், நாங்கள்தான் போய்த் தூக்கினோம். கிடங்கில் கிழிந்த தண்ணீர்க் குழாய்களும், ஒரு கால் குட்டையான நாற்காலியும் இருந்தன. வேலையில்லாமல் உட்கார அவருக்குத் தெரியாது. ஓட்டைக் குழாய்களையெல்லாம் ஒட்டவைத்து வண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால், நல்லவர் வென்றார் என்று நாங்களும் இரண்டு அடைமொழி சேர்த்து மடலை முடித்திருப்போம். பல் டாக்டர் வென்றார். பதவி ஏற்றதும் முதல் வேலையாகக் கிடங்குக்கே வந்து, மாலை போட்டு, அம்மாவைப் பதவி உயர்வோடு அழைத்து வந்தார். சுதந்திரத்தின் கதவைத் திறந்தவர் என்று மேடையில் பேசினார். எங்களுக்கெல்லாம் உச்சி குளிர்ந்தது. அம்மா மட்டும், “நான் ஒண்ணும் திறக்கலை, அவங்கதான் அறுத்தாங்க” என்றார்.

பதவி நாற்காலிக்கு ஒரு குணம் உண்டு போலிருக்கிறது. கொஞ்ச காலத்தில் புது உத்தரவுகள் வரத் தொடங்கின. எல்லாக் கடைகளும் தீயணைக்கும் உருளையைக் குறிப்பிட்ட ஒரு கடையில்தான் வாங்க வேண்டும் என்று ஒன்று. அந்தக் கடை டாக்டரின் மைத்துனருடையது. அம்மா சோதனைக்குப் போன இடத்திலெல்லாம் உருளையைத் தூக்கிப் பார்த்தார், அழுத்தம் பார்த்தார், நன்றாக இருந்தால் கையெழுத்துப் போட்டார். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கவேயில்லை. கூட்டம் நடத்த அனுமதி கேட்பவர்கள் யார் பேசப் போகிறார்கள், என்ன பேசப் போகிறார்கள் என்பதையும் தீப்பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும் என்று இன்னொன்று. “யார் பேசறாங்கன்னு நெருப்பு கேக்காது. நாம எதுக்குக் கேக்கணும்?” என்று அதையும் ஓரத்தில் தள்ளிவிட்டார்.

அடுத்த தேர்தல் வந்தது. இப்போது பழைய தலைவர் எதிரணி. மைதானத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்தது, நூலகக் கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். பழைய தலைவர் வேறு வழியில்லாமல் இந்த அரங்கத்துக்குத்தான் வந்தார். அரங்கக்காரர் விட்டுவிட்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் டாக்டர் அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உபசரித்து உட்கார வைத்தார்.

“மேடம், அந்த அரங்கத்துல ஏதாவது ஒரு குறை இருக்கும். பாருங்களேன்.”

அதே வார்த்தை, வேறு வாய். கிடங்குக்குப் போனபோதுகூட வராத வருத்தம் அப்போது வந்தது என்று அம்மா பின்னால் சொன்னார்.

“டாக்டர், விதியில ரெண்டு இருக்கு. ஒண்ணு, கதவு எப்படித் திறக்கணும்னு சொல்றது. இன்னொண்ணு, கதவு வழியா யார் வரணும்னு சொல்றது. முதல்ல சொன்னதை நான் யாருக்காகவும் தளர்த்தினது இல்லை, உங்களுக்காகவும் தளர்த்தலை. ரெண்டாவதை நான் தொட மாட்டேன். இந்த ரெண்டையும் கலந்துட்டா, அப்புறம் நான் நிஜமாவே ஒரு பூட்டைக் கண்டுபிடிச்சாக்கூட ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. ஜனம் உள்ளே செத்துப்போகும்.”

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “உங்களை அந்தக் கிடங்குலேருந்து கூட்டிட்டு வந்தது யாரு, ஞாபகம் இருக்கா?”

“நீங்கதான் டாக்டர். திரும்பிப் போற வழி எனக்குத் தெரியும். நானே போயிக்கிறேன்.”

மறுநாள் அரங்கத்துக்கு வந்தார். விளக்கை அணைத்தார். பழைய தலைவரை மூலையில் உட்கார வைத்து வெளியே வரச் சொன்னார். சங்கிலி எதுவும் இல்லை, அரங்கக்காரர் பாடம் கற்றுவிட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நேரே கிடங்குக்குப் போனார். மாற்றல் உத்தரவு பிறகுதான் வந்தது. அந்தக் குட்டைக்கால் நாற்காலியை நாங்கள் துடைத்தே வைத்திருந்தோம்.

இரண்டு அரசுகள், எதிரும் புதிருமான இரண்டு கட்சிகள், ஒரே கிடங்கு! இந்த நகரத்தில் வேறு எந்த அதிகாரிக்கும் வாய்க்காத பெருமை இது. பதக்கம் வாங்கியவர்கள் எங்கள் துறையில் பலர் இருக்கிறார்கள். இருபுறமும் தண்டனை வாங்கியவர் இவர் ஒருவரே. நாங்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்வது இதைத்தான்.

இரண்டாம் முறை அவரைத் திரும்ப அழைத்து வந்தது எந்தக் கட்சியும் இல்லை. திரையரங்கக்காரர்களும் மண்டபக்காரர்களும் கடைக்காரர்களும், அவரிடம் காலமெல்லாம் திட்டு வாங்கியவர்கள் அத்தனை பேரும், இந்த அரங்கக்காரரை முன்னால் விட்டுக்கொண்டு நகரசபைக்குப் போனார்கள். டாக்டரே மறுபடியும் வென்று தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “எங்களுக்குக் கதவம்மாவே வேணும்” என்றார்கள். “அவங்ககிட்ட கதவை மட்டும் சரியா வெச்சா போதும். அவங்க இடத்துக்கு வந்தவங்ககிட்ட எந்தப் பக்கம் தலையாட்டணும்னே தெரியலை.” தொழில் செய்கிறவர்கள் தங்களைச் சோதிக்கிறவரைத் திரும்பத் தரும்படி கேட்டுப் போராடியதை வேறெங்கும் நாங்கள் கேள்விப்பட்டதில்லை. டாக்டர் கடைசியில் சரி என்றாராம். அந்த ஒரு ‘சரி’க்காக அவருக்கும் எங்கள் நன்றி. அவர் இங்கே வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார், பழைய தலைவர் இடப்பக்கம். இருவருமே கதவுக்கு அருகில் இடம் பிடித்திருப்பதைக் கவனித்தோம்.

அம்மையே! இனி ‘அவர்’ வேண்டாம், தங்களையே பார்த்துச் சொல்கிறோம். ஊரார் உழைத்துக் கட்டியதை ஊரார் விருப்பப்படி ஆள விட்டவரே! கூடிப் பேசுவோர் எவராயினும் கூடிப் பேசி, குறைவின்றி வீடு திரும்பக் காவல் நின்றவரே! கட்டளைக்கும் காவலுக்கும் இடையே உள்ள மெல்லிய கோட்டைக் கண்ணிமைக்காது காத்தவரே! தங்கள் கீழ் வேலை பார்த்தோம் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்வோம். கால்வலி நீங்கி, கண்பார்வை குன்றாது, தையற்கடை ஐயாவோடும் மகள், மருமகன், பேத்தியோடும் தாங்கள் நீடு வாழ வேண்டும். அந்தப் பெரிய அலமாரி இனி எந்த வாசலுக்காகவும் கழற்றப்படாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

இம்மடலைப் பதித்த கண்ணாடிச் சட்டத்தை மாட்டுவதற்கான சங்கிலி, அன்று வாசற்படியில் அறுபட்ட அதே சங்கிலி. அரங்கக்காரர் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தார். வீட்டில் எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், கதவை மறைக்கிற இடத்தில் மட்டும் வேண்டாம்.

இந்த வாசிப்பு முடிந்ததும், அவையோரே, விளக்குகளை அணைக்கப் போகிறோம். பயப்பட வேண்டாம். மேடையில் இருப்பவர்களும் மூலையில் இருப்பவர்களும், எந்தக் கட்சியானாலும், எழுந்து மெல்ல நடந்து வெளியே வர வேண்டும். அம்மா முன்னே போய்த் தெருப்பக்கக் கதவில் நிற்பார். கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான் அம்மாவுக்குப் பணி நிறைவு.

கதவு திறக்கும் என்று நாங்கள் உறுதி சொல்லவில்லை, அம்மா. சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். தள்ளிப் பாருங்கள்.

என்றும் தங்கள் திட்டுக்கு ஏங்கும்,
தீயணைப்பு நிலையத்தார் அனைவரும்;
எழுதிய கை: வண்டி ஓட்டுநர்